மூன்று மாடிக்கு ஒரே மூச்சு

அந்தக் கட்டிடத்தில் காலை எட்டு மணியாவதை யாரும் கடிகாரத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டதில்லை. மூன்றாம் மாடியிலிருந்து ஒரு மனிதர் தன் மனைவியை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு படியிறங்கும் சத்தம் கேட்டால் எட்டு மணி. கனமான பாதங்கள், படிக்குப் படி ஒரே அளவான சத்தம். எதிரே ஏறி வருகிறவர்கள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு வழி விடுவார்கள்.

"அக்கா, என் சட்டை ஆச்சா?" என்று யாராவது கேட்டால் அவள் பதில் சொல்ல மாட்டாள். தலையை மட்டும் ஆட்டுவாள். அவரும் வாய் திறக்க மாட்டார். கீழே கடை வாசலில் நாற்காலியில் உட்கார வைத்த பிறகுதான் இரண்டு பேருக்கும் பேச்சு வரும். அதற்குள் கேட்டவர் தெருமுனையைத் தாண்டியிருப்பார்.

"கடையில அவ்வளவு வாய் பேசறா, படியில மட்டும் என்ன தலைக்கனம்" என்று இரண்டாம் மாடிக்காரி சொல்வதுண்டு. "புருஷன் கையில இருக்கிற ராணி இல்லையா, நம்மகிட்ட எல்லாம் பேசுவாளா?"

அந்த ராணிதான் நம் தையல்காரி. படிக்கட்டு முடியும் இடத்தில், இடது பக்கம், ஒற்றை ஷட்டர் போட்ட கடை அவளுடையது. ஒரு தையல் எந்திரம், மூலை உடைந்த நிலைக்கண்ணாடி, சுவர் முழுக்க நூல்கண்டு. கால்களில் உயிர் இல்லாததால் மோட்டாரின் பெடலை மேசை மேல் ஏற்றி வைத்து, இடது முழங்கையால் அழுத்தித் தைப்பாள். அந்தத் தெருவில் அவளிடம் அளவு கொடுக்காத மார்பு இல்லை.

அளவு நாடாவைக் கண்டால் மனிதர்கள் மாறிவிடுவார்கள். ஆண்கள் மார்பை விடைத்துக்கொள்வார்கள், பெண்கள் வயிற்றை எக்கிக்கொள்வார்கள். அவள் நாடாவைத் தளர்த்திவிட்டுக் காத்திருப்பாள்.

"மூச்சை விடுங்க."

"விட்டுட்டேனே."

"இன்னும் விடுங்க. நீங்க இருக்கிற மாதிரிதான் தைப்பேன். இருக்க ஆசைப்படற மாதிரி தைக்க வேற கடை பாருங்க."

சிரித்துவிடுவார்கள். சிரித்தால் மூச்சு தானாக வெளியே வந்துவிடும். அந்த நொடியில் அளவெடுத்துவிடுவாள். அவள் தைத்த சட்டை ஒருவருக்கும் இறுகியதில்லை, தொங்கியதில்லை.

அவள் கணவருக்கு வீடு மாற்றிக் கொடுக்கிற வேலை. ஒரு முறை உடன் வரவேண்டியவர்கள் வராமல் போக, ஒரு முழு பீரோவைத் தனி ஆளாக முதுகில் கட்டி இறக்கிவிட்டார். அன்று முதல் பெயரே பீரோ. சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும்.

கல்யாணமான புதிதில், நிறுத்தத்தில் பேருந்துக்குக் காத்திருந்த அவள் மேல் ஒரு லாரி ஏறியது. உயிர் தப்பியது, இரண்டு கால்களும் செயலிழந்தன. மருத்துவமனைக் கட்டிலருகே அவளுடைய அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாப்பிள்ளை, உங்க வீடு மூணாவது மாடி. லிஃப்ட் கிடையாது. என் தங்கச்சியை நான் கூட்டிட்டுப் போறேன். என் வீடு தரையிலேயே இருக்கு" என்றார்.

பீரோ அன்று ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார். "ஊரார் வீட்டு பீரோவை எல்லாம் தூக்கறேன் மச்சான். என் பொண்டாட்டியை வேற ஒருத்தர் தூக்க விடமாட்டேன்."

அந்த வார்த்தையைக் கேட்டு அவளுக்கு உச்சி குளிர்ந்தது. அதே வார்த்தைதான் பின்னால் இத்தனை வேதனைக்கும் காரணம் என்று அன்று யாருக்குத் தெரியும்?

காலையில் இறக்குவார், மாலையில் ஏற்றுவார். மழையானாலும் காய்ச்சலானாலும் ஒரு நாள் தவறியதில்லை. வருடங்கள் ஓடின. அவளுக்கு நாற்பது தாண்டியது, அவருக்கு ஐம்பது நெருங்கியது.

ஒரு திங்கட்கிழமை காலை, வழக்கம்போல் கட்டிலருகே குனிந்து அவள் முதுகுக்குக் கீழே ஒரு கையும் முழங்காலுக்குக் கீழே ஒரு கையும் கொடுத்துத் தூக்கினார். ஒரு சாண் உயரம் எழுந்திருப்பாள். அவருடைய இடுப்பில் எதுவோ பிடித்துக்கொண்டது. பாதி மடக்கிய கத்தி மாதிரி அப்படியே நின்றுவிட்டார். அந்த நிலையிலும் அவளைப் போட்டுவிடவில்லை. மெத்தையில் மெதுவாக வைத்தார். பிறகுதான் முழங்கால் மடங்கித் தரையில் சரிந்தார்.

"என்னங்க. என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல" என்றார். ஆனால் சொல்லும்போது முகத்தில் ரத்தமே இல்லை. எழுந்திருக்க முடியவில்லை. கட்டிலில் அவளும் தரையில் அவருமாக, எழுந்து போய் உதவிக்கு யாரையும் அழைக்க முடியாமல், பக்கத்து வீட்டுக்காரர் வரும்வரை இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு கிடந்தார்கள்.

மருத்துவர் பார்த்துவிட்டு எலும்பில் கோளாறு இல்லை, தசைதான் சுளுக்கிக்கொண்டிருக்கிறது, கனம் தூக்கக்கூடாது என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். கனம் தூக்காவிட்டால் பீரோவுக்கு வேறு என்ன வேலை இருக்கிறது?

செய்தி கேட்டு அன்று மாலையே அண்ணன் வந்துவிட்டார். அவர் பேருந்து ஓட்டுநர். குரலும் பேருந்துக்கு ஏற்ற குரல்.

"என்ன மாப்பிள்ளை, பீரோவே படுத்துடுச்சா?"

"வாங்க மச்சான். கீலு கழண்டுடுச்சு."

"சிரிக்காதீங்க, வலிக்கும்" என்றார் அண்ணன். ஆனால் அவருக்கே கண் கலங்கிவிட்டது. தங்கையின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "பாப்பா, அன்னைக்கே சொன்னேன். இப்பவாவது கேளு. மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை லீவு போட்டு வண்டி எடுத்துட்டு வர்றேன். அங்கேயே ஒரு அறை உனக்கு. அண்ணியும் காத்துட்டிருக்கா. மாப்பிள்ளையும் வரட்டும். இந்த மாடியும் வேண்டாம், கடையும் வேண்டாம்."

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் தரையில் விரித்த பாயில், முழங்கால்களுக்குக் கீழே தலையணை வைத்து, கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். எத்தனை பேர் வீட்டுச் சாமானைச் சுமந்த முதுகு. அதை உடைத்தது வேறு யாருமில்லை, நான்தான் என்று அவள் நெஞ்சு சொன்னது.

"சரி அண்ணா. வர்றேன்" என்றாள்.

பாயில் கிடந்தவர் தலையை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்று இரவு ஒரு வார்த்தை பேசவில்லை. அவளை ஏன் போகிறாய் என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. உங்களுக்காகத்தான் என்று சொல்ல அவளுக்கும் வாய் வரவில்லை. இருவர் மட்டும் வாழ்கிற வீட்டில் இருவரும் பேசாவிட்டால் சுவர்க்கடிகாரம்கூட அதட்டுகிற மாதிரி இருக்கும்.

நான்காம் நாள் கதவு தட்டப்பட்டது. ஒரு பெண், முப்பத்தைந்து வயதிருக்கும், மூச்சு வாங்காமல் நின்றாள்.

"தையல்காரக்கா, என் கோட்டு என்னாச்சு? கடை பூட்டியே கிடக்கு. கல்யாணத்துக்குப் போட்டுட்டுப் போகணும்னு கொடுத்தேன். எனக்கில்ல, என் தோழிக்குக் கல்யாணம்."

"கோட்டு ரெடி, இங்கதான் இருக்கு. கையில பட்டன் மட்டும் பாக்கி. உள்ள வாம்மா."

உள்ளே வந்தவள் கோட்டைப் பார்க்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் சாய்ந்து நடந்துவந்த பீரோவைத்தான் பார்த்தாள்.

"எத்தனை நாளா இப்படி?"

"நீங்க யாரு?" என்றார் பீரோ.

"உடம்பைச் சரி பண்றவ. பிசியோதெரபி. பெரிய ஆஸ்பத்திரியில வேலை."

"டாக்டரம்மாவா?"

"டாக்டர் இல்ல. டாக்டர் மாத்திரை கொடுத்து அனுப்பின பிறகு என்கிட்டதான் வருவாங்க. திரும்பி நில்லுங்க."

பீரோ திரும்பி நின்றார். அவள் அவருடைய முதுகுத் தண்டின் இரு பக்கமும் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இறங்கினாள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவே வலது பக்கம் ஒரு இடத்தில் விரல் பட்டதும் அவர் துள்ளிவிட்டார்.

"இதுதான்" என்றாள். "கடைசி விலாவையும் இடுப்பையும் சேர்த்துக் கட்டின மாதிரி சதுரமா ஒரு தசை இருக்கு. ரெண்டு பக்கமும் உண்டு. ஒரு பக்கமாவே சாய்ஞ்சு கனம் தூக்கினா அந்தப் பக்கத்துக்கு ஓய்வே கிடைக்காது. இப்ப மூச்சை நல்லா இழுங்க பார்ப்போம்."

பீரோ மூச்சை இழுத்தார். தோள் இரண்டும் காதுவரை ஏறின. மார்பு விடைத்தது. இடுப்பு உள்ளே குழிந்தது.

"அக்கா, நாடா இருக்கா?"

தையல்காரி நாடாவை நீட்டினாள். வந்தவள் அதைப் பீரோவின் கீழ் விலாவைச் சுற்றிப் பிடித்து, மறுபடி மூச்சு இழுக்கச் சொன்னாள். நாடா அசையவே இல்லை. இதைப் பார்த்ததும் தையல்காரிக்குக் கடையின் நினைவு வந்துவிட்டது.

"அளவு கொடுக்க வர்ற ஆம்பளைங்க மாதிரி நிக்கிறார். மேலே மட்டும் விடைக்குது, கீழே ஒண்ணுமில்ல."

"அதேதான் அக்கா" என்றாள் பிசியோ. அவள் கோட்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "ஒவ்வொரு விலாவுக்கும் அடுத்த விலாவுக்கும் நடுவுல தசை இருக்கு. ரெண்டு அடுக்கு. வெளி அடுக்கு முன்னால் கீழ்நோக்கிச் சாயும், பேன்ட் பையில கை விட்டா விரல் எப்படிச் சாயுமோ அப்படி. உள் அடுக்கு அதுக்கு நேர் எதிர்ச் சாய்வு. வெளியில இருக்கிறது விலாவை விரிக்கும், நாம மூச்சை இழுப்போம். உள்ளே இருக்கிறது அழுத்தி ஊதும்போது விலாவைச் சுருக்கும்."

"கிராஸ் வெட்டுல ரெண்டு துணியை எதிரெதிரா வச்சுத் தைக்கிற மாதிரி" என்றாள் தையல்காரி. "எந்தப் பக்கம் இழுத்தாலும் கிழியாது, ஆனா கொடுத்து வாங்கும்."

"அழகாச் சொன்னீங்க. விலாக்கூட்டுக்கு அடியில குடை மாதிரி இன்னொரு தசை. மூச்சு இழுக்கும்போது குடை கீழே இறங்கணும். கீழ் விலா நாலா பக்கமும் விரியணும், முதுகுப் பக்கமும். அப்பதான் வயித்துக்குள்ள அழுத்தம் கூடி முதுகெலும்பை முன்னால இருந்து தாங்கும். அண்ணன் மார்பை மட்டும் தூக்கறார். அதனால முதுகுத்தண்டோட ரெண்டு பக்கமும் கயிறு மாதிரி ஓடற தசை இருக்கு பாருங்க, அது மட்டும் தனியா எல்லாக் கனத்தையும் இழுக்குது."

பீரோவுக்குப் பாதிதான் புரிந்தது. முகத்தைப் பார்த்தே பிசியோ கண்டுகொண்டாள். "அண்ணே, காலி அட்டைப்பெட்டி மேல இன்னொரு பெட்டியை அடுக்குவீங்களா?"

"நசுங்கிடும்."

"உள்ளே சாமான் நிறைச்சு இறுக்கமா ஒட்டினா?"

"ஆளே ஏறி நிக்கலாம்."

"நீங்க இவ்வளவு நாளும் காலிப் பெட்டியை வச்சுத் தூக்கியிருக்கீங்க."

தன் தொழிலிலேயே தன்னை மடக்கிவிட்டாளே என்று பீரோவுக்கு முதல் முறையாகச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் வலித்தது. வலித்ததும் மறுபடி சிரிப்பு வந்தது. தையல்காரி அதைப் பார்த்துச் சிரித்தாள். பேச்சு நின்றுபோன அந்த வீட்டில் நான்கு நாள் கழித்து இருவரும் ஒரே நேரத்தில் சிரித்த சத்தம் அது.

அதன்பிறகு பிசியோ வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் அடிக்கடி ஏறி வந்தாள். "கோட்டுக்குக் கூலி இது" என்பாள். பீரோ பாயில் மல்லாந்து, கீழ் விலாக்களின் மேல் உள்ளங்கையை வைத்து, கை விலகும்படி மூச்சு இழுக்கப் பழகினார். நாலு கால் பிராணி மாதிரி நின்று ஒரு கையையும் எதிர்க்காலையும் நீட்டப் பழகினார். முதல் வாரம் இதையெல்லாம் யாராவது பார்த்துவிடப்போகிறார்கள் என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டார். இரண்டாம் வாரம் ஜன்னல் திறந்தே இருந்தது. மூன்றாம் வாரம் இரண்டாம் மாடிக்காரியின் கணவருக்குச் சொல்லிக்கொடுக்கிற அளவுக்கு வந்துவிட்டார். வலி குறைந்தது, நடை நேரானது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி மட்டும் இருவரும் வாய் திறக்கவில்லை.

ஒரு மாலை பிசியோ, "இன்னைக்குத் தூக்கிப் பார்க்கலாம். படி வேண்டாம். கட்டில்ல இருந்து நாற்காலிக்கு மட்டும்" என்றாள்.

பீரோ நேராக நின்று, முழங்காலை மடக்கி, கீழ் விலா விரிய மூச்சை இறக்கிக்கொண்டு கைகளைக் கொடுத்தார். மனைவி எழும்பிய நொடியில் பிசியோ, "நிறுத்துங்க, கீழே வைங்க" என்றாள்.

"நான் சரியாத்தானே செஞ்சேன்" என்றார் பீரோ.

"நீங்க சரி. அக்காதான் மரக்கட்டை மாதிரி விறைச்சுக்கிட்டாங்க. விறைச்ச ஆளைத் தூக்கறது ரொம்பக் கஷ்டம், கனம் உங்க உடம்பை விட்டு விலகி நிக்கும். ஒரு தடவை மறுபடி செய்யுங்க." இந்த முறை அவள் தன் உள்ளங்கையைத் தையல்காரியின் விலாவில் வைத்துக்கொண்டாள். பீரோ தூக்கினார். உள்ளங்கைக்கு அடியில் விலா அசையவில்லை.

"அக்கா, ஏன் மூச்சைப் பிடிக்கிறீங்க?"

தையல்காரியின் முகம் சிவந்தது. ஊரிலுள்ள மார்பையெல்லாம் மூச்சு விடச் சொல்லுகிறவள், தன் மார்பைப் பற்றிய கேள்விக்குத் தலை குனிந்தாள்.

"சொல்லுங்க அக்கா."

"கனம் குறையும்னு."

பீரோ அவளை நாற்காலியில் வைத்துவிட்டு எதிரே நின்றார்.

"என்ன சொன்னே?"

"உள்ளே மூச்சை இழுத்து நிறுத்திக்கிட்டா உடம்பு லேசாகும்னு நெனச்சேன். ஆஸ்பத்திரியில இருந்து முதல் நாள் நீங்க தூக்கிட்டு வந்தீங்களே, அன்னைக்கு உங்க நெத்தியில வேர்வை வந்துச்சு. அன்னையிலேர்ந்து."

"அன்னையிலேர்ந்து மூணு மாடியும்?"

"ஒவ்வொரு மாடித் திருப்பத்திலேயும் ஒரு தடவை விட்டுட்டு மறுபடி பிடிச்சுக்குவேன்."

படியில் யாருக்கும் அவள் பதில் சொல்லாததன் ரகசியம் இதுதான். தலைக்கனம் என்று ஊர் சொன்னது, கணவனுக்கு ஒரு பிடி கனமாவது குறையட்டும் என்று அவள் அடக்கிக்கொண்ட மூச்சு.

பீரோ அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார். பெரிய உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நானும்தான்" என்றார்.

"நீங்களுமா? எதுக்கு?"

"தூக்கும்போது எங்க ஆளுங்க தம் கட்டுவாங்க, அது வழக்கம். ஆனா அது ஒரு நொடி. தூக்கி நிமிர்ந்ததும் விட்டுடுவோம். உன்னைத் தூக்கும்போது மட்டும் கீழே போற வரைக்கும் விடமாட்டேன். மூச்சு வாங்கினா உன் காதுக்குப் பக்கத்துலதானே கேட்கும். பாரமா இருக்கோம்னு நீ நெனச்சுடக்கூடாதுன்னு."

தையல்காரி அழுதாள். பீரோவும் அழுதார். பிசியோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னாள்: "ரெண்டு பேரும் சேர்ந்து இத்தனை வருஷமா மூச்சே விடாம குடும்பம் நடத்தியிருக்கீங்க. முதுகு பிடிச்சுக்கிட்டதுல என்ன ஆச்சரியம்."

தையல்காரி கண்ணீரோடு சிரித்தாள். "அவர் வேற ஒருத்தரையும் தூக்க விடமாட்டார். ஊரார் வீட்டு பீரோவுக்கு நாலு பேர் வைக்கிறார், எனக்கு மட்டும் ஒரே ஆள்."

"அது நியாயமான பேச்சு அண்ணே" என்றாள் பிசியோ. "தனியாத் தூக்கிப் படியிறங்கறது இனிமே வேண்டாம். நீங்க வேலைக்குப் பட்டை வச்சிருக்கீங்களே, தோள்ல போட்டுப் பெரிய சாமான் இறக்குவீங்களே, அதை நாற்காலிக்குப் போட முடியாதா? கீழே ஒருத்தர், மேலே ஒருத்தர்."

மருத்துவமனைக் கட்டிலருகே சொன்ன வார்த்தை பீரோவுக்கு நினைவு வந்தது. மனைவியின் முகத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "முடியும்" என்றார்.

அந்த வாரம் முழுவதும் தையல்காரி வீட்டிலேயே வேலை செய்தாள். தோளில் மாட்டுகிற அந்தப் பழைய பட்டைகளைப் பிரித்து, உள்ளே இரண்டு அடுக்குத் துணியை எதிரெதிர்ச் சாய்வில் வைத்து, தோளை அறுக்காதபடி கையாலேயே தைத்தாள். தைக்காத நேரத்தில் பிசியோ சொன்ன பயிற்சி. கால்தான் போயிற்றே தவிர, அவளுடைய விலாத் தசைகளும் முதுகுத் தசைகளும் நன்றாகத்தான் இருந்தன. தூக்கிவைத்த இடத்தில் சாய்ந்தே உட்கார்ந்து அவை தூங்கிப்போயிருந்தன, அவ்வளவுதான். நாற்காலியில் முதுகு சாயாமல் நிமிர்ந்து, இரு பக்கமும் மாறி மாறிச் சாய்ந்து எழுந்தாள். முதல் நாள் தலையணை தேவைப்பட்டது. பிறகு தேவைப்படவில்லை. பீரோவும் அவரோடு வேலை செய்கிற ஒருவரும் துணி மூட்டைகளை நாற்காலியில் ஏற்றிக் கட்டி, படியில் இறக்கி ஏற்றிப் பழகினார்கள். வலி திரும்பவில்லை.

சனிக்கிழமை மாலை அவர் அவளருகே வந்து உட்கார்ந்தார்.

"நாளைக்கு மச்சான் வர்றார். அவருக்கு நீ வாக்குக் கொடுத்திருக்கே. நான் குறுக்கே நிக்கமாட்டேன். எப்படியும் கீழே இறக்கணும். இறக்கறேன். வலது பக்கம் போனா வண்டி. இடது பக்கம் போனா கடை. எந்தப் பக்கம்னு கீழே போனதும் நீ சொல்லு."

"கீழே போய்ச் சொல்றேன்" என்றாள். ஆனால் அவள் கை அவருடைய முதுகின் வலப்பக்கத்தை, அந்தச் சதுரத் தசை இருந்த இடத்தை, தேடிப்பிடித்துத் தடவிக்கொடுத்தது.

ஞாயிறு காலை அண்ணன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். வண்டி கீழே நின்றது.

"பாப்பா, கிளம்பு. சாமானெல்லாம் அப்புறம் எடுத்துக்கலாம். முதல்ல நீ."

"நாற்காலி தயாரா இருக்கு மச்சான்" என்றார் பீரோ. "கூட வேலை செய்யறவன் இன்னைக்கு ஒரு வீடு மாத்தப் போயிட்டான். நீங்க மேல் பக்கம் பிடிக்கணும்."

"நாற்காலியும் பட்டையும் எதுக்கு? ஐம்பது பேரை வச்சு ஓட்டறவன் நான், என் தங்கச்சி ஒருத்தியைத் தூக்க மாட்டேனா? தள்ளுங்க."

"அண்ணா, வேண்டாம். நீ தம் கட்டுவே" என்றாள் தையல்காரி.

அவர் கேட்கவில்லை. குனிந்தார். மார்பை விடைத்து மூச்சைப் பிடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. அவள் ஒரு விரல்கடை எழும்பியிருப்பாள், அண்ணனின் முதுகில் டர்ரென்று ஒரு சத்தம். அவளைக் கட்டிலிலேயே வைத்துவிட்டு நிமிர்ந்து, "என் முதுகா?" என்றார் பயந்துபோய்.

பீரோ பின்னால் போய்ப் பார்த்தார். "முதுகு இல்ல மச்சான். சட்டை."

கழுத்திலிருந்து இடுப்புவரை தையல் வாய் பிளந்து நின்றது. தையல்காரி எட்டிப் பார்த்தாள். "யார் தைச்சது இது? நீ நெஞ்சை விடைச்சுக்கிட்டு நிக்கும்போது அளவெடுத்திருப்பாங்க, அப்ப முதுகு குறுகிடும். உள்ள மடிச்சு விட்ட துணியும் ரொம்பக் கம்மி. விரிய இடமே விடலை."

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. பட்டையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார்.

நாற்காலியில் அவளை அமர்த்தினார்கள். அவள் ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, முதுகு சாயாமல் நேராக உட்கார்ந்தாள். கீழ்ப்படியில் பீரோ, அவளுடைய முகத்துக்கு நேராக. மேல்படியில் அண்ணன். அவள்தான் கணக்குச் சொன்னாள்.

"மூச்சை உள்ளே இறக்குங்க. விலா விரியட்டும். தோளைத் தூக்காதே அண்ணா. இப்ப தூக்குங்க. மூச்சை விட்டுக்கிட்டே இறங்குங்க."

நாற்காலி எழுந்தது. ஒரு படி. இன்னொரு படி. பட்டை தோளை அறுக்கவில்லை. பீரோவின் மூச்சு சத்தமாகவே வெளியே வந்தது, அவள் முகத்தில் பட்டது. அவர் அதை மறைக்கவில்லை. அவளும் தன் மூச்சை நிறுத்தவில்லை. அவர் விடும்போது அவளும் விட்டாள். அவர் இழுக்கும்போது அவளும் இழுத்தாள். நெற்றியில் வேர்வை வந்தது. முன்பெல்லாம் அதைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொள்வாள். இன்று முந்தானையால் ஒற்றிவிட்டாள்.

"கனமா இருக்கேனா?" என்று கேட்டாள்.

"இருக்கே" என்றார் பீரோ. "நல்ல கனம். விடமாட்டேன்."

இரண்டாம் மாடித் திருப்பத்தில் இரண்டாம் மாடிக்காரி கதவைத் திறந்தாள். "அக்கா, என் பாவாடை..." என்று ஆரம்பித்துவிட்டு, வழக்கம்போலப் பதில் வராது என்று நிறுத்திக்கொண்டாள்.

"நாளைக்குச் சாயந்திரம் கடைக்கு வா" என்றாள் தையல்காரி. "போன தடவை இடுப்பை எக்கிக்கிட்டு அளவு கொடுத்தே. மறுபடி எடுக்கணும்."

மேல்படியில் அண்ணன் நின்றார். "நாளைக்கா?" என்றார். "பாப்பா, நாளைக்கு நீ என் வீட்டில..."

"மூச்சை விட்டுட்டுப் பேசு அண்ணா. படி இருக்கு."

தரைக்கு வந்தார்கள். வலது பக்கம் வண்டியின் கதவு திறந்து நின்றது. இடது பக்கம் ஷட்டர் மூடியிருந்தது, ஒரு மாதத் தூசியோடு. நாற்காலியை இறக்கி வைத்ததும் பீரோ ஒரு கையால் இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். வலி இல்லை. நிமிர்ந்து நின்று அவளையே பார்த்தார்.

அவள் மூடியிருந்த கையை விரித்துச் சாவியை நீட்டினாள். மூன்று மாடியும் அதைக் கைக்குள் இறுக்கி வைத்திருந்திருக்கிறாள். உள்ளங்கையில் அதன் அச்சு பதிந்திருந்தது.

"இடது பக்கம்" என்றாள்.

ஷட்டர் தடதடவென்று மேலே போனது. அண்ணன் தெருவில் நின்று கண்களைத் துடைத்துக்கொண்டார். தோற்றுப்போன அழுகை இல்லை அது. மருத்துவமனைக் கட்டிலில் கண்ட தங்கை, முதுகு நிமிர்ந்து, ஒரு கையை நீட்டி வேலை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அங்கேயே நிக்காதே அண்ணா. வெயில் ஏறுது. சட்டையைக் கழட்டிக் கொடு, தைச்சுத் தர்றேன். மாலையில மேலே ஏத்திவிட்டுட்டுத்தான் நீ போகணும். அதுக்கப்புறம் மாசத்துல ஒரு ஞாயிறு வா. மத்த நாளுக்கு ஆள் பார்த்துக்கலாம்."

அண்ணன் பனியனோடு கடைக்குள் வந்தார். அவள் சட்டையை மேசையில் விரித்து, பிரிந்த தையலை விரலால் அளந்தாள். இது ஒட்டுப்போட்டால் நிற்காது, முதுகில் புதுத்துணி கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்தாள். அளவு நாடாவை எடுத்தாள். அண்ணன் பழக்கதோஷத்தில் மார்பை விடைத்தார்.

கண்ணாடிப் பக்கம் நின்ற பீரோ முந்திக்கொண்டார். "மூச்சை விடுங்க மச்சான். உங்க தங்கச்சி பேச்சு எனக்கும் தொத்திக்கிச்சு."

அண்ணன் சிரித்துவிட்டார். அந்த நொடியில் அவள் அளவெடுத்து முடித்தாள்.